மூன்றாம் இலக்கும் ஒரு கடுக்காய் மரமும்

போன வாரம் திவ்யா கூப்பிட்டாள். நான் வேலை பார்த்த சமுதாய வானொலியில் இப்போது ஒலித்தொகுப்பு செய்கிறவள். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தவள் என்பதால் முகம் பார்த்ததில்லை. குரல்தான் பழக்கம்.

"அக்கா, புது சாஃப்ட்வேர் ஒண்ணு வந்துகீதுக்கா. ஒரே ஒரு பட்டன். அமுக்கினா பேச்சுக்கு நடுவுல இருக்கிற காலி எடமெல்லாம் தானா போய்டுது. மூச்சு, இருமல், யோசிக்கிறது, எல்லாம். நாள் பூரா நான் வெட்டுறத அது டீ ஆறுறதுக்குள்ள வெட்டிடுது."

"நல்லதுதானே."

"அதுக்கில்லக்கா. இவ்ளோ சுத்தமா வந்த பிறகும், ஸ்பீக்கரத் தூக்கிக்கினு மலையேறிப் போய் பேசினவங்களுக்குப் போட்டுக் காட்டணுமா? அந்த ரூல் இன்னும் இருக்குதே. எதுக்குன்னு யாருக்கும் தெரியல. உங்களக் கேக்கச் சொன்னாங்க."

எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். சொன்னாள். நெல்லிவாசல்நாட்டில், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிற்றூர். அந்தப் பெயரைக் கேட்டதும் என் கையில் இருந்த கரண்டி தானாக அடுப்பு மேடையில் போய் உட்கார்ந்துகொண்டது. போனில் சொன்னால் நீளும், என் இடது காது வேறு இப்போதெல்லாம் பாதிதான் கேட்கிறது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதுகிறேன்.

ஐம்பத்திரண்டு வயதில் ஓய்வு. வேலை என்னை விடவில்லை, காது விட்டுவிட்டது. ஹெட்போனுக்குள்ளேயே வாழ்ந்த காது, ஒரு கட்டத்துக்கு மேல் தன் சொந்த இரைச்சலைக் கேட்க ஆரம்பித்தது. மழை பெய்யாத நாளிலும் உள்ளே தூறல். அதனால் வீட்டில் இருக்கிறேன். இருக்கிறேன் என்பதும் சரியில்லை. வாசலுக்கும் அடுக்களைக்கும் நடக்கிறேன், பஸ் ஸ்டாண்டு வரை போய் எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் திரும்புகிறேன். பழகின கால் கேட்குமா?

நான் அந்த வேலைக்கு வந்ததே பெரிய யோசனையில் இல்லை. திருப்பத்தூரில் தட்டச்சு, அஞ்சல் வழியில் ஒரு பட்டம், போட்டோ ஸ்டுடியோ ஒன்றில் கல்யாண வீடியோவுக்குப் பாட்டு சேர்க்கிற வேலை. மலையில் வானொலி தொடங்குகிறார்கள், கம்ப்யூட்டரில் ஒலியை வெட்டி ஒட்டத் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்றார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ் ஏறினேன். மைக்கைக் காற்றுக்கு மறைத்துப் பிடிப்பது, கோழி கூவும் வீட்டில் எந்த மூலையில் உட்காருவது, அழுகிறவர் முன்னால் ரெக்கார்டரை நிறுத்துவதா வேண்டாமா, இதெல்லாம் கைவர சில வருஷங்கள் ஆயின. அந்த வருஷங்களை அப்படியே மடித்து வைத்துவிடுகிறேன்.

எங்கள் நிலையம் காவலூர் சாலையோரம், பழைய கட்டடம் ஒன்றில் இரண்டு அறை. சுவர் முழுக்கக் கோணிச் சாக்கும் முட்டை அட்டையும். மொட்டை மாடியில் நின்றால் மரங்களுக்கு மேலே வானாய்வுக் கூடத்தின் வெள்ளைக் குமிழ் தெரியும். அவர்கள் வானத்திலிருந்து வருவதைப் பிடிக்கிறார்கள், நாம் வானத்தில் விடுகிறோம் என்று நிலையத்தில் வேலை பழகிய பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். விட்டது எங்கே போய்ச் சேரும் என்பதுதான் எங்கள் கவலை. எஃப்.எம். அலை நேராகப் போகிற ரகம். குறுக்கே மலை நின்றால் வளைந்து போகத் தெரியாது. மேட்டில் இருக்கிற ஊருக்குக் கேட்கும். மடிப்புக்குள் இருக்கிற ஊருக்கு, அந்த ஊரைப் பற்றியே நாங்கள் பேசினாலும், ஒரு சொல் போய்ச் சேராது.

நிலைய மேலாளர் தனபால் சார், வாணியம்பாடிக்காரர். அவருக்கு உட்கார்ந்து ஒலி கேட்கிற வழக்கம் இல்லை. ஹெட்போனைத் தலையில் மாட்ட மாட்டார். ஒரு பக்கத்தை மட்டும் வலது காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார். சட்டைப் பையில் எப்போதும் கடலை மிட்டாய். பதிவு ஓடும்போது தின்ன மாட்டார், முடிந்ததும் ஒன்றை எடுத்துக் கடித்தால் நிகழ்ச்சி தேறிவிட்டது என்று பொருள். கடிக்கவில்லை என்றால், "இன்னொரு வாட்டி ஓட்டுங்க." பத்தொன்பது வயசுப் பிள்ளைக்கும் 'ங்க'தான். திட்டும்போதும் அந்த 'ங்க' போகாது, அதனால் திட்டு இன்னும் ஆழமாக இறங்கும். "இது இன்னாங்க, பேட்டியா, போலீஸ் ஸ்டேஷனா?" என்று ஒரு முறை கேட்டார். அதைக் கேட்டுக்கொண்ட பெண் அதற்குப் பிறகு யாரிடமும் 'ஏன்' என்று தொடங்கிக் கேள்வியே கேட்டதில்லை.

அவர் வைத்த விதிகள் இரண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று மோதும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

முதலாவது, காற்றில் அமைதி போகக்கூடாது. மூச்சு விடுகிற நேரத்துக்கு மேல் சத்தமில்லை என்றால் கேட்கிறவன் கை ரேடியோவின் திருகுக்குப் போய்விடும் என்பார். டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் ஒரு கறுப்புப் பெட்டியும் வைத்திருந்தோம். கம்ப்யூட்டர் மாட்டிக்கொண்டு ஒலி நின்றுவிட்டால் அது தானாக விழித்துக்கொண்டு, ஒரு சினிமாப் பாட்டை எடுத்து அனுப்பிவிடும். பிள்ளைகள் அதற்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்திருந்தார்கள். வாட்ச்மேனும் தூங்கிப்போய் ஒலிபரப்பு நிஜமாகவே நின்றால் மேசைமேல் இருக்கிற போன் அலறும். ஜீப் டிரைவர்கள், டீக்கடைக்காரர்கள். "இன்னா சார், எல்லாரும் தூங்கிட்டீங்களா?"

இரண்டாவது விதிதான் திவ்யா கேட்டது. பேசியவர் தன் ஊரில், தன் ஆட்களோடு உட்கார்ந்து கேட்டு 'சரி' சொல்லாத குரல் காற்றில் ஏறக்கூடாது. அதுவரை முழுப் பதிவை அழிக்கவும் கூடாது. சின்ன ஸ்பீக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜீப்பிலும் நடையிலும் போய்ப் போட்டுக் காட்ட வேண்டும். அலை எட்டாத ஊர்களுக்கு அதுதான் எங்கள் ஒலிபரப்பும்கூட.

அந்தச் சமயத்தில்தான் பதினேழு இலக்குகள் வந்தன. உலக நாடுகளெல்லாம் கூடி ஒப்புக்கொண்டவை. வறுமை, பசி, உடல்நலம், படிப்பு, தண்ணீர் என்று வரிசையாகப் போகும். அதை மலை மக்களிடம் கொண்டு போக வேண்டும், மலைப் பிள்ளைகளே செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம். பதினேழு நிறத்தில் ஒரு சக்கரப் படத்தைச் சுவரில் ஒட்டினோம். காளியப்பன் அதை மேலும் கீழும் பார்த்தான். மலைக்காரப் பையன், இருபத்திரண்டு வயசு, எங்கள் ஒலிப்பதிவாளன்.

"பதினேழு இலக்கா? எங்க ஊருக்கு பஸ்ஸே ஒண்ணுதாங்க சார். அதுவும் ஞாயித்துக்கெழம லீவு."

"அதயே முதல்ல பேசுங்க" என்றார் தனபால் சார்.

முதல் நிகழ்ச்சி ஸ்டுடியோவுக்குள் நடந்தது. பிள்ளைகள் 'நிலைத்த வளர்ச்சி' என்று ஆரம்பித்து ஆண்டு விழாப் பேச்சுப் போட்டி மாதிரி ஒப்பித்தார்கள். பாதியில் டீக்கடையிலிருந்து போன். "பரீட்சை எப்ப முடியும்?" தனபால் சார் மிட்டாயைத் தொடவில்லை.

வழி கண்டுபிடித்தவன் காளியப்பன்தான். "எங்க ஆளுங்க ஒக்காந்தா பேச மாட்டாங்க சார். மைக்க நீட்டினா மாமனாரப் பாத்த மாதிரி நெளிவாங்க. நடந்தா பேசுவாங்க. கூட நடந்துக்கினே எடுக்கலாம்." அப்படிப் பிறந்தது 'நடந்துகிட்டே' என்கிற தொடர். ஒரு இலக்குக்கு ஒரு ஆள், ஒரு பாதை. பசிக்கு, சாமைக் கொல்லைக்குப் போகிற பாதை. தண்ணீருக்கு, ஊற்றுக்கு இறங்குகிற பாதை. படிப்புக்கு, பள்ளிக்கூடம் வரை ஒரு சிறுமியின் நடை, பாதி வழி கதை, பாதி வழி மூச்சிரைப்பு. எண்ணாகச் சுவரில் ஒட்டியிருந்தது காலுக்குக் கீழே சரசரக்க ஆரம்பித்தது. சந்தையில் பார்த்தால், "இந்த வாரம் எந்த வழில போறீங்க?" என்று கேட்டார்கள். இலக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

பதிவு காளியப்பன், தொகுப்பு சங்கீதா, இருவரையும் பழக்குவது நான். சங்கீதா ஆலங்காயத்துப் பெண், மலைக்குக் கீழே இருப்பதால் மலைக்காரர்களுக்கு அவள் 'கீழூர்ப் பொண்ணு'. இருபத்தொரு வயசு. திரையில் ஒலி கோடு கோடாக ஓடுமல்லவா, பேசுகிற இடம் மேடாக, பேசாத இடம் தட்டையாக? அவள் விரல் அந்தத் தட்டைகளை, சாமையில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கிப் போட்டுக்கொண்டே போகும். காளியப்பன் ரெக்கார்டரின் மெமரி கார்டைக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவான். அவன் நடந்ததை அவள் பார்க்கவில்லை, அவள் வெட்டியதை அவன் கேட்கவில்லை. வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது.

மூன்றாம் இலக்கு உடல்நலம். அதற்குப் பேசியவளைச் சின்னப்பொண்ணு என்று வைத்துக்கொள்வோம். அவள் ஊரிலிருந்து ஜீப் நிற்கிற இடத்துக்கு ஒற்றையடிப் பாதை, நடுவில் ஓடை. முந்தின வருஷத்து மழையில் அவளுக்கு வலி எடுத்து, கம்பில் போர்வை கட்டிய டோலியில் தூக்கி வந்திருக்கிறார்கள். ஓடையில் வெள்ளம். கரையிலேயே காத்திருந்து, கரையிலேயே பிரசவம் ஆகி, குழந்தை பிழைக்கவில்லை. அந்தப் பாதையில்தான் அவள் காளியப்பனோடு நடந்து பேசினாள். பேசியதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் தங்கை ராணி மாசமாக இருந்தாள். ஐப்பசியில் நாள். ஐப்பசியில்தான் அந்த ஓடை ஓடையாக இருக்காது.

சங்கீதா தொகுத்ததைத் தனபால் சார் சுவரைப் பார்த்து நின்று கேட்டார்.

"ஓடையில தண்ணி எறங்கவே இல்ல. கரையில வெச்சிக்கினு ஒக்காந்திருந்தாங்க. அங்கியே பொறந்துச்சி. பொண்ணு. கத்தல. இப்ப எந்தங்கச்சிக்கு ஐப்பசியில நாளு. ரோடு போடுங்கன்னு நா கேக்கல. மழ மாசம் முடியற வரிக்கும் ஒரு வண்டி ஓடையாண்ட நின்னா போதும்."

சார் கடலை மிட்டாயைக் கடித்தார். "சுத்தமா இருக்குதுங்க." சங்கீதாவின் காது சிவந்தது. சந்தை நாளன்று ஒலிபரப்பு. அன்றைக்கு மலையில் மருத்துவ முகாம், கீழிருந்து அதிகாரிகள் வருகிறார்கள், முகாமிலேயே ஸ்பீக்கர் கட்டிக் கேட்க ஏற்பாடு. வண்டி கேட்கிறவள் குரலும் வண்டி கொடுக்கக் கூடியவர் காதும் ஒரே பந்தலுக்குள் இருக்கும். இனி போட்டுக் காட்டுவதுதான் பாக்கி.

சங்கீதா, காளியப்பன், நான் மூவரும் போனோம். கோவிந்தனின் ஷேர் ஜீப். ஓடைக்கு இந்தப் பக்கம் திரும்புகிற இடத்தில் நிறுத்தி, அந்தப் பக்கத்து ஊருக்குக் கேட்கட்டும் என்று நீளமாக ஹாரன் அடித்தான். அதுதான் அவன் வழக்கம். ஏறுகிறவர்கள் அதைக் கேட்டு இறங்கி வருவார்கள். நாங்கள் ஓடையைத் தாண்டி மேலேறினோம். பேசிக்கொண்டேதான் ஏறினோம், நானும் சங்கீதாவும். காளியப்பன் முன்னால் எங்கேயோ போய்விட்டிருந்தான்.

சாமைக் களத்தில் பெண்கள் கூடினார்கள். சின்னப்பொண்ணு கையில் இருந்த முறத்தைக் கீழே வைக்காமலே உட்கார்ந்தாள். ராணி சற்றுத் தள்ளி, கதவில் சாய்ந்து, வயிற்றில் கை. சங்கீதா ஸ்பீக்கரைக் கல்மேல் வைத்து ஓட்டினாள். தன் குரலைப் பெட்டிக்குள் கேட்டதும் சின்னப்பொண்ணு முதலில் வெட்கப்பட்டாள். பிறகு கவனித்தாள். 'கத்தல' என்பதை ஒட்டி 'இப்ப எந்தங்கச்சிக்கு' வந்ததும் அவள் தலை நிமிர்ந்தது.

"நிறுத்து."

சங்கீதா நிறுத்தினாள்.

"அந்த எடத்த இன்னொரு வாட்டி போடு."

போட்டாள்.

"நா பேசிக்கினே தாண்டிட்டேனா?"

எனக்கும் சங்கீதாவுக்கும் ஒன்றும் புரியவில்லை. காளியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான்.

"பாப்பா கீற எடத்துல நா வாயத் தொறக்கலியே. தழ ஒடிச்சிப் போட்டுட்டு கம்முனு தானே வந்தேன். தோ, இந்தத் தம்பி கூடத்தானே வந்துச்சு, கேளு. இதுல பாத்தா நா லொடலொடன்னு பேசிக்கினே போறேன்."

ஓடைக் கரைக்குச் சற்று மேலே, பாதையோரம், ஒரு கடுக்காய் மரம். அதன் அடியில்தான் குழந்தையைப் புதைத்திருந்தார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம். அப்படி ஒரு இடம் வந்தால் கைக்கு எட்டுகிற தழையை ஒடித்துப் போட்டுவிட்டு, நிழல் தாண்டுகிற வரை யாரும் பேச மாட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களும் அங்கே நிறுத்தி, தாண்டிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். சின்னப்பொண்ணு அன்றைக்கும் அப்படித்தான் தாண்டியிருக்கிறாள். திரையில் அது ஒரு தட்டைக் கோடு. கல் என்று நினைத்துப் பொறுக்கிப் போட்டாயிற்று.

"அக்கா, நீங்க பேசினதுல ஒரு வார்த்த கூட நான் மாத்தலக்கா" என்றாள் சங்கீதா. "பேசாததத்தான் எடுத்தேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "கீழூர்ல எழவு வூட்லயும் போன் பேசிக்கினுதான் ஒக்காருவாங்களாமே" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சங்கீதா விடவில்லை. "ரேடியோல சத்தமில்லன்னா நின்னுபோச்சுன்னு நெனச்சிக்குவாங்கக்கா."

"நெனச்சிக்கட்டுமே. நானும்தான் நின்னேன்." முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மலையில நாலு நாட்டு ஜனமும் கேக்கும். பெத்தவளே வாயாடிக்கினு தாண்டினான்னு நெனைக்கும். இத போடாதீங்க."

கதவோரத்திலிருந்து ராணி மெல்ல, "அக்கா, வண்டி..." என்றாள்.

"வண்டி வராட்டி நா தூக்கிக்கினு போறேன்டி உன்ன."

இறங்கினோம். கடுக்காய் மரத்தடியில் காய்ந்த தழைக்கு மேல் பச்சைத் தழை, அதற்கும் மேல் இன்னும் பச்சையாக ஒன்று. ஏறும்போதும் இது இங்கேதான் இருந்தது. காளியப்பன் ஒன்று ஒடித்துப் போட்டான். நானும் போட்டேன். சங்கீதாவுக்குக் கிளை எட்டவில்லை, அவன் வளைத்துப் பிடித்தான்.

நிலையத்துக்கு வந்ததும் கூடினோம். அந்தக் குரல் இல்லாமல் மூன்றாம் இலக்கில் எங்களிடம் எதுவும் இல்லை. ஒரு டாக்டரின் பேட்டி இருந்தது. எல்லா நிலையத்திலும் இருக்கிற மாதிரி.

"அந்த எடத்துல லேசா புல்லாங்குழல் போட்டுடலாமா சார்?" என்றாள் சங்கீதா.

"அதுக்கு நாங்க பேசிக்கினே தாண்டியிருக்கலாம்" என்றான் காளியப்பன்.

"நீதான கூட நடந்த? கார்டு குடுக்கும்போதே சொல்றதுக்கு இன்னா?"

"நீ வெட்டுவன்னு எனக்குத் தெரியுமா?"

"வெட்டுறதுதான்டா என் வேல!"

தனபால் சார் இருவரையும் பார்க்கவில்லை. "மூலப் பதிவு இருக்குதுங்களா? ஓட்டுங்க."

சுவரைப் பார்த்து நின்றார். 'கத்தல' என்ற சொல் முடிந்தது. பிறகு காலடிகள். காலடி நின்றது. கிளை வளைகிற மெல்லிய முனகல், 'பட்'டென்று ஒரு ஒடிசல், தழை தழைமேல் விழுகிற, ஒலி என்றே சொல்ல முடியாத ஒன்று. தூரத்தில் ஓடை. அவள் மூச்சு. அப்புறம் காலடி, காலடி, காலடி. நிதானமாக ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து முடிக்கிற நேரம் அது. இன்னொரு ஹெட்போனுக்குள் இருந்த எனக்கு அது நிறைந்து வழிந்தது. வாட்ச்மேன் பெட்டிக்கு அது வெறும் அமைதி. பாதியிலேயே விழித்துக்கொண்டு, குழந்தையைத் தாண்டுகிற தாயின்மேல் குத்துப்பாட்டைப் போட்டுவிடும்.

"இன்னொரு வாட்டி ஓட்டுங்க."

மறுபடி. அப்புறமும் கொஞ்ச நேரம் ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"முன்னாடி ஒரு வரி அறிவிப்பு குடுத்துடலாமா சார்?" என்று கேட்டேன். "இந்த இடத்தில் சற்று அமைதின்னு. ஜனங்க குழம்பாம இருப்பாங்க."

"அந்தம்மா அறிவிச்சிட்டுங்களா தாண்டினாங்க?"

காற்றில் அமைதி போகக்கூடாது என்று பிள்ளைகளுக்கு வருஷக்கணக்கில் ஓதிய மனிதர், டிரான்ஸ்மிட்டர் பக்கம் போய் வாட்ச்மேனின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தார். அங்கே ஒரு சின்ன பட்டன் உண்டு. அமுக்கிப் பிடித்திருக்கிற வரை பெட்டி விழிக்காது. விரலை எடுத்தால் விழித்துவிடும்.

"அவங்ககிட்ட திரும்பப் போட்டுக் காட்டுங்க. சரின்னாங்கன்னா, வாட்ச்மேன நான் புடிச்சிக்கிறேன்."

மறுநாள் சங்கீதாவும் காளியப்பனும் மட்டும் போனார்கள். திரும்பி வந்த சங்கீதாவின் துப்பட்டா முடிச்சில் சீத்தாப்பழங்கள். அந்த இடம் வந்தபோது களத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேரும், ஸ்பீக்கர்தான் பேசவில்லை என்று தெரிந்தும், தாங்களும் பேசாமல் இருந்தார்களாம். முந்தின நாள் குத்திப் பேசியவளும்கூட. முடிந்ததும் சின்னப்பொண்ணு 'ம்' என்று மட்டும் சொன்னாளாம். கிளம்பும்போது ஒரு நிபந்தனை.

"இது ஓடுற நேரத்துல உங்க ஆபீஸ்லயும் யாரும் பேசக் கூடாதுன்னாங்கக்கா. அப்புறம், 'கீழூர்ப் பொண்ணே, துன்னுட்டுப் போ'ன்னு இதக் குடுத்தாங்க."

சந்தை நாள், உச்சி வேளை. சங்கீதா கன்சோலில். நான் போனுக்குப் பக்கத்தில். காளியப்பன் கதவருகில். தனபால் சாரைக் காணோம் என்று திரும்பினால், வாட்ச்மேனுக்குப் பின்னால் கையை நீட்ட வாகாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் உட்கார்ந்து நிகழ்ச்சி கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

'கத்தல.'

காலடி. தழை. பிறகு எங்கள் நிலையத்தின் வாழ்வில் முதல்முறையாக, வேண்டுமென்றே, மலை முழுக்க ஒன்றுமில்லாததை அனுப்பினோம். ஒன்றுமில்லாதது எவ்வளவு கனம் என்று அதைப் பிடித்திருப்பவருக்குத் தெரியும். சாரின் கட்டைவிரல் வெளுத்துப் போயிருந்தது. சங்கீதா உதட்டைக் கடித்திருந்தாள். நான் போனையே பார்த்தேன். இப்போது அலறும். டீக்கடை, ஜீப் ஸ்டாண்டு, யாராவது ஒருத்தர், தூங்கிட்டீங்களா என்று.

அடிக்கவில்லை. ஒரு போன்கூட வரவில்லை.

"இப்ப எந்தங்கச்சிக்கு ஐப்பசியில நாளு" என்று குரல் திரும்பி வந்தபோது சார் விரலை எடுத்தார். எழுந்து, பையில் கை விட்டு, மிட்டாயை எடுத்து, அதைக் கடிக்காமல் சங்கீதாவின் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

முகாமில் அதிகாரிகள் கேட்டார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்றார்கள். குறித்துக்கொண்டார்கள். சாலைக்கு அளவெடுக்க ஆட்கள் வந்து அளவெடுத்துப் போனார்கள். அது அதன் வேகத்தில் வரட்டும் என்று விட்டுவிட்டோம். ஐப்பசி அதுவரை காத்திருக்காது அல்லவா?

வண்டி வேறு பக்கத்திலிருந்து வந்தது. அடுத்த சந்தையன்று கோவிந்தன் நிலையத்துக்கே வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு நின்றான்.

"அன்னிக்கி மேட்ல ஏறிக்கினு இருக்கேன்க்கா. வண்டி நெறய ஆளு. ரேடியோ நின்னுபோச்சு. ஒருத்தன் தட்டப் போனான். சீத்தாப்பழக் கூட வெச்சிருந்த அம்மா ஒண்ணு, 'கைய எடுறா'ன்னுச்சு. தழ ஒடியற சத்தம் அதுக்குக் கேட்டுச்சாம். நா இஞ்சினயே ஆஃப் பண்ணிட்டேன். அந்த மரத்துக்கு எதுர்க்க நின்னுக்கினு தெனம் நா ஹாரன் அடிக்கிறேன்க்கா. எத்தினி வாட்டி அடிச்சிருப்பேன்."

"உனக்குத் தெரியாதில்ல."

"தெரியாதுதான். இனிமே வண்டிய மழ முடியற வரிக்கும் அங்கியே போடுறேன். இந்தப் பக்கம் எங்கக்கா வூடு கீது, படுத்துக்கிறேன்."

போட்டான். ஐப்பசியில் ஒரு விடியற்காலை, தண்ணீர் இடுப்பளவு ஏறுவதற்குள், ராணியை டோலியில் கொண்டுவந்து அவன் ஜீப்பில் ஏற்றினார்கள். சின்னப்பொண்ணும் டோலிக் கம்பில் ஒரு தோள் கொடுத்துத்தான் வந்தாளாம். கீழே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. கத்தியது. அதை விடக் கோவிந்தன் சொன்ன இன்னொன்றுதான் எனக்குள் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

"மேலேர்ந்து அலறிக்கினேதான்க்கா வந்துச்சு அந்தப் பொண்ணு. மரத்தாண்ட வந்தாங்க. கம்முனு ஆயிடுச்சு. போர்வைய வாயில வெச்சிக் கடிச்சிக்கிச்சு. டோலி தூக்கினவங்க காலு மட்டும் சரக்கு சரக்குன்னு. நெழலு தாண்டுச்சு பாருங்க, அப்ப ஆரம்பிச்சுது. என்னயும் என் வண்டியயும், எம்பரம்பரயயும் சேத்துத் திட்டிக்கினே ஏறுச்சு."

திவ்யா, உன் கேள்விக்கு வருகிறேன். அந்த பட்டனை அமுக்கு. விரலுக்கு வேலை மிச்சம், கண்ணுக்கு நல்லது. அமுக்குவதற்கு முன்னால் முழுப் பதிவை ஒரு பக்கம் எடுத்து வை. அப்புறம் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போ. மரத்தடியில் என்ன செய்ய வேண்டும் என்று, பதிவு எடுத்து உன் கூட வருகிற பையனே சொல்வான். போட்டுக் காட்டி முடித்ததும் உடனே கிளம்பாதே, ஏதாவது தின்னக் கொடுப்பார்கள். பொழுது சாய்வதற்குள் ஓடையைத் தாண்டி வந்து இந்தக் கரையிலேயே நில். கோவிந்தன் வருவான். வண்டி வருகிற பாதையை நீதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் அங்கே ஹாரன் அடிப்பதில்லை.